இறகு கொட்டும் கோழிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஐயா, குடும்பமாகச் சேர்ந்து 80 முட்டைக் கோழிகளும் அரை ஏக்கர் காய்கறியும் பார்த்துக்கொள்கிறோம். எல்லாமே ஒரே தடவையில் வாங்கிய கோழிகள், ஒன்றரை வயதாகிறது. தினம் 60 முட்டைக்கு மேல் எடுத்தோம். பகல் குறுக ஆரம்பித்த பிறகு, ஆறே வாரத்தில் 20க்கு வந்துவிட்டது. கொட்டகை முழுக்க இறகு. கடையில் முட்டை கூடும் என்று டானிக்கும் ஒரு பொடியும் கொடுத்தார்கள், 10 நாளாகியும் பலன் இல்லை. இரவு முழுக்க பல்பும் எரிய விடுகிறேன். செலவு கட்டுப்படியாகாததால் தீவனத்தில் பாதிக்குப் பாதி தானியம் கலக்கிறேன். வேறு நல்ல டானிக் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், கோழி எச்சத்தைத் தக்காளிக் கன்றுகளுக்குப் போட்டதில் இலை ஓரம் கருகுகிறது. அதற்கு என்ன தெளிக்கலாம்?

பதில்: டானிக் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒன்றரை வயதுக் கோழி, குறுகும் பகல், தரையெல்லாம் இறகு, குறைந்துபோன முட்டை: இது நோய் இல்லை, இறகு மாற்றம். கழுத்தில் தொடங்கி முதுகு, இறக்கை, வால் என்று போகும். 8 முதல் 12 வாரம் பிடிக்கும். கொண்டை வெளுத்துச் சுருங்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் மூச்சில் கரகரப்பு, கழிச்சல், தீனி எடுக்காமல் குறுகி நிற்பது, சாவு, இதில் ஒன்று இருந்தாலும் நான் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். கோழிகள் அடைந்த பிறகு டார்ச் எடுத்துப் போய், அவை உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ரத்தக் கறை பட்டால் சிவப்பு உண்ணி இருக்கிறது. பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் ரத்தம் குடிக்கும், அதனாலும் முட்டை குறையும்.

முட்டை டானிக் விற்பவர்களுக்கு இதுதான் அறுவடைக் காலம். இரண்டு மாதத்தில் முட்டை தானாகவே திரும்பி வரும், பெயரை டானிக் தட்டிக்கொண்டு போகும். நீங்கள் கொடுத்த பொடியின் பொட்டலத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள். அதில் ஆன்டிபயாட்டிக் இருந்தால், எத்தனை நாள் முட்டை விற்கக் கூடாது என்றும் போட்டிருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத பொடியாக இருந்தால், கொடுத்தவரிடமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள்.

பல்பை அணையுங்கள். கோழிக்கு இரவில் எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும். புது இறகு முளைத்து முடிந்த பிறகு வேண்டுமானால் விடியலுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டி, பகலோடு சேர்த்து 14 மணி நேரம் ஆக்கிக்கொள்ளலாம். வீட்டளவுப் பண்ணையில் அதுகூட வேண்டாம் என்பது என் கட்சி.

தானியக் கலப்பையும் நிறுத்துங்கள். முட்டை இடாத கோழிக்கு நல்ல தீவனம் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். இறகில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம்தான். 16 சதவீதப் புரதம் உள்ள தீவனத்தில் சரிபாதி தானியம் கலந்தால் 12, 13க்கு இறங்கிவிடும், அப்புறம் இறகு எதை வைத்து முளைக்கும்? நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது முட்டை திரும்பி வரும் நாளைத்தான் தள்ளிப்போடும்.

சரி, கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டீர்களே, தக்காளி, அதற்கு வருகிறேன். உங்கள் பண்ணையில் நிஜமான கோளாறு அங்கேதான். எதையும் தெளிக்காதீர்கள். எச்சத்தைச் செடியின் தூரிலிருந்து வழித்து எடுத்துவிட்டு இரண்டு மூன்று முறை நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். கருகிய இலை கருகியதுதான், வேர் தப்பியிருந்தால் புதுத் தளிர் சுத்தமாக வரும். பச்சை எச்சம் மண்ணில் அம்மோனியாவாக மாறும், உப்பும் அதிகம், இளம் வேர் தாங்காது. நானே ஒரு முறை அவசரப்பட்டு ஒரு பாத்திக் கத்தரியைச் சாகடித்திருக்கிறேன். செடி கருகுவதைவிட மோசம், எச்சத்தோடு வரும் சால்மோனெல்லா கிருமி. பச்சை எரு போட்டால் மண்ணைத் தொடும் கீரை, காய்களுக்கு அறுவடைக்கு முன் 120 நாள், மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள் இடைவெளி விடுவது இயற்கை விவசாயத்தில் புழங்கும் கணக்கு. ஒரு மாதத்துக் கீரைக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? ஆகவே மக்க வைக்காத எச்சம் தோட்டத்துக்குள் காலே வைக்கக் கூடாது.

கொட்டகையில் மரத்தூளோ காய்ந்த சருகோ 10, 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிசைந்தால் லேசாகச் சேர்ந்து உடனே உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி சிந்துவதுதான் காரணம். நின்றுகொண்டு மோந்து பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்று சொல்லாதீர்கள். கோழியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள், கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது.

எச்சம் கலந்த அந்தக் கூளத்தை வாரி மக்க வைப்பதற்கு இந்த முட்டை குறைந்த மாதங்களைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு பங்கு கூளத்துக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு கலந்து, நனைத்து, இடுப்பளவு குவியலாகப் போட்டு மழை படாமல் மூடுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும், ஏறி இறங்கும்போதெல்லாம் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிவிடுங்கள். புரட்டியும் சூடு ஏறாத நிலைக்கு வந்த பிறகு இரண்டு மாதமாவது ஆறவிடுங்கள். மண்வாசனை வந்ததும் ஒரு தொட்டியில் அந்த எருவோடு மண் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள். இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோல் எங்கேயோ கலந்திருக்கிறது. சில களைக்கொல்லிகள் மக்கினாலும் போகாது, அந்த எருவைத் தக்காளிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 80 கோழியும் ஏன் ஒரே வயது? ஒன்றாக வாங்கினால் ஒன்றாகத்தான் இறகு கொட்டும். வருடம் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். முதல் வருடத்து இளங்கோழி பெரும்பாலும் குறுகும் பகலிலும் விடாமல் முட்டை போடும். முட்டைக்கு வர 18 முதல் 20 வாரம் ஆகும் என்பதால், பகல் குறுகுவதற்கு ஐந்து மாதம் முன்பே குஞ்சு வந்துவிட வேண்டும். வளரும் குஞ்சுக்கு முட்டைக் கோழித் தீவனம் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

துணியில் கறை பட்டால் மட்டும் திரும்ப எழுதுங்கள். கட்டை மரமா இரும்பா, சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.