பெரியவர்களுக்கு எந்தப் போன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தில் என் தாயார் தனியாக இருக்கிறார். வயது 74. நான் கோவையில் வேலை செய்கிறேன். தொடுதிரைப் போன் அவருக்குப் பழகவில்லை. பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பட்டன் போனில் மணி அடித்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கிறது. ஆனால் எடுத்துப் பேசினால், "சத்தம் வருது, நீ என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்கிறார். நன்றாகக் கேட்கும் எளிய போன் ஒன்றைச் சொல்ல முடியுமா?
வாசகி, கோவை

பதில்: பெரும்பாலான பட்டன் போன்களில் மணி அடிப்பது பின்புறம் உள்ள ஸ்பீக்கர், பேச்சு வருவதோ திரைக்கு மேலே உள்ள சிறு துளைகளின் வழியாக. பெட்டியின் மேல் "அதிக சத்தம்" என்று அச்சிட்டிருந்தால் அது பாட்டுக்கும் எஃப்எம் ரேடியோவுக்கும் உரிய ஸ்பீக்கரைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே மணியின் ஓசையைக் கேட்டு ஒரு போனை வாங்கிவிட வேண்டாம்.

அம்மா "சத்தம் வருகிறது, புரியவில்லை" என்று பிரித்துச் சொல்லியிருப்பது மிக முக்கியமான குறிப்பு. வயதாகும்போது செவி முதலில் இழப்பது கூர்மையான, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத்தான். உயிரெழுத்துகளின் ஓசை வலுவாக வந்து சேர்ந்துவிடும்; 'ச', 'த', 'ப' போன்ற மெய்களின் மெல்லிய ஓசை தேய்ந்துவிடும். அப்போது 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் ஒன்றுபோலவே விழும். பழைய 2ஜி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. ஆகவே அம்மாவின் செவிக்கு ஏற்கெனவே குறைவாக எட்டும் கூர்மையான ஒலிகளில் ஒரு பகுதி வழியிலேயே வெட்டப்பட்டுவிடுகிறது. 4ஜி வழியாகச் செல்லும் அகன்ற அலைவரிசைக் குரல் அழைப்பு ஏறத்தாழ 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. ஒலியளவு அதே அளவில் இருந்தாலும் பேச்சு தெளிவாகும். இதற்கு அழைப்பவர், கேட்பவர் இருவரின் போனும் 4ஜி வழியே பேச வேண்டும். இருபக்கமும் ஒரே நிறுவனத்தின் சிம் இருந்தால் இது கிடைப்பது எளிது.

எனவே 4ஜி பட்டன் போன் வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக 2ஜி போனை இன்று வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோக்கியா 110 என்ற ஒரே பெயரில் 2ஜியும் விற்கப்பட்டது, 4ஜியும் விற்கப்பட்டது. பெட்டியில் உள்ள எழுத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜியோ 4ஜி அடிப்படையிலேயே 2016இல் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதால் 2ஜி போனில் அதன் சிம் வேலை செய்யாது. ஜியோபாரத் போன்கள் விலை குறைந்தவை. ஆனால் அவற்றில் ஜியோ சிம் மட்டுமே இயங்கும்.

இந்தக் கடைசிச் செய்தி மலைக்காரர்களுக்கு மிகவும் தேவையானது. நம் ஊர்களில் சரிவின் இந்தப் பக்கத்து வீட்டில் முழு சிக்னல் இருக்கும், வளைவைத் தாண்டிய அடுத்த வீட்டில் ஒரு கோடுகூட இருக்காது. டவர் இருக்கும் திசைக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை வந்துவிட்டால் எந்த விலை உயர்ந்த போனாலும் பயனில்லை. போனைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். வாசலில் நின்று பார்த்தால் போதாது. அம்மா வழக்கமாக உட்காரும் அடுப்படியிலும் படுக்கும் அறையிலும், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஒவ்வொருவரின் போனிலும் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் அது சிக்னலின் குறை. ஒலியளவை எவ்வளவு கூட்டினாலும் தீராது. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் அதிக ஆற்றலைச் செலவிடுவதால் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். நிறுவனத்தை மாற்ற வேண்டியிருந்தால் எண்ணை மாற்றத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்கான குறியீட்டு எண் வரும்.

பிறகு அம்மாவையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வாங்கி அனுப்பினால் உங்கள் காதுக்குப் பொருத்தமான போன்தான் போய்ச் சேரும். அவருடைய சிம்மைப் போட்டு, நீங்கள் பஜாரில் சற்றுத் தள்ளி நின்று அழைத்து, ஸ்பீக்கரைப் போடாமல் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பட்டன் போன்களில் பேச்சின் ஒலியளவைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கூட்ட முடியும். இது தெரியாமலே பல பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் பாதி ஒலியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முழு ஒலியில் வைத்தும் குரல் கரகரக்காமல் இருந்தால் அந்தப் போன் நல்லது. வயர் ஹெட்போன் மாட்டும் துளை இருப்பதும் பெரிய உதவி, ஏனென்றால் அதில் இரண்டு காதுகளாலும் கேட்கலாம்.

வாங்குவதற்கு முன்னால், கையில் இருக்கும் போனையும் ஒருமுறை பாருங்கள். மழைக்குப் பயந்து மாட்டிய பிளாஸ்டிக் உறை பேச்சுத் துளைகளை மூடியிருக்கலாம். துளைகளில் தூசி அடைத்திருக்கலாம். உலர்ந்த மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே சில போன்களில் குரல் திரும்பிவிடும். குளிருக்குக் காதை மூடிக் கட்டிய துணியின் மேலேயே போனை வைத்துப் பேசுவதும் நம் மலையில் வழக்கம். துணி முதலில் விழுங்குவது அந்தக் கூர்மையான ஒலிகளைத்தான். பேசும்போது ஒரு காதையாவது திறந்துகொள்ளச் சொல்லுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். மழைக்காலத்தில் மின்சாரமும் நிற்கும். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள போனானால் இன்னொன்றைச் சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளலாம். தனியாக இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர உதவி அழைப்பு செல்லும் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. எந்த எண் என்று கடையிலேயே கேட்டு, அம்மாவுக்குக் காட்டிவையுங்கள்.

அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காதில் மெழுகு அடைத்திருந்தால் எந்தப் போனும் உதவாது. ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேளாமல் போனால் மட்டும் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: காதுக்குப் பின்னால் மாட்டும் செவித்துணைக் கருவி அணிந்திருக்கிறேன். போனைக் காதருகே கொண்டுபோனதும் 'ஜ்ஜ்ஜ்' என்ற இரைச்சல் வருகிறது. கருவியில் பழுதா?
வாசகர், கூடலூர்

பதில்: கருவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. 2ஜி போன் தன் அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டு விட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்பைச் செவித்துணைக் கருவி பிடித்துக்கொண்டு இரைச்சலாகத் தருகிறது. 4ஜி அழைப்பில் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். போனின் விவரக் குறிப்பில் செவித்துணைக் கருவிக்கு ஏற்றது என்றும், எம்3, எம்4, டி3, டி4 என்ற குறிகளில் ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் கூடக்கூட இரைச்சல் குறைவு. 'டி' என்ற குறி டெலிகாயில் (போனின் ஒலியை மைக் வழியாக அல்லாமல் காந்தப் புலமாகப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்) வசதி உள்ள கருவிகளுக்கு உரியது. உங்கள் கருவியில் அந்த வசதி இருக்கிறதா என்று அதைப் பொருத்தியவரிடம் கேளுங்கள். நோக்கியா 2660 ஃபிளிப் இவ்வாறு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கப்பட்ட பட்டன் போன்.

இப்போதைய போனிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். கருவியின் மைக் காதுமடலுக்கு மேலே இருப்பதால், போனைக் காதுத் துளைக்கு நேராக வைக்காமல் சற்று மேலே தூக்கி, லேசாகச் சாய்த்து, அழுத்தாமல் பிடியுங்கள்.