கள்ளி விதைக்கு அடியில் சூடு வேண்டுமா?

கள்ளியையும் சதைப்பற்றுச் செடிகளையும் விதை போட்டு வளர்ப்பது பற்றி டெல்டாப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் சூட்டைப் பற்றியவை. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கும்பகோணம்: வெளிநாட்டு வீடியோக்களில் விதைத் தட்டுக்கு அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) போடுகிறார்கள். நானும் வாங்கட்டுமா?

வேண்டாம். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மண்ணில் செருகி, விடியற்காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்க 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும், அதுவும் பகலில் ஏறி இரவில் இறங்கினால் இன்னும் நல்லது. நம் ஊரில் மார்கழி, தையில்கூடப் பகலில் 29, இரவில் 21 என்ற அளவில்தான் இருக்கும், அதாவது குளிர்நாட்டுக்காரர்கள் கரண்ட் செலவு செய்து உண்டாக்குகிற சூடு நமக்குத் திண்ணையிலேயே கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இல்லாத மேட், சுற்றியிருக்கும் சூட்டைவிட 5 முதல் 10 டிகிரி வரை ஏற்றும். சித்திரையில் அதைப் போட்டால் மண் 40-ஐத் தாண்டிவிடும், அந்தச் சூட்டில் விதை முளைக்காது. நெல் விதையை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைகட்டுகிறவர்களுக்கு இது புரியும், மூட்டை ரொம்பச் சூடேறினால் முளை கெட்டுவிடும் என்றுதானே தண்ணீர் தெளிக்கிறோம்?

அப்புறம், பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிய தட்டை மொட்டை மாடி வெயிலில் நேரடியாக வைக்கவே வைக்காதீர்கள். பச்சை வலைக்குக் கீழே வெளிச்சமான நிழல் போதும்.

திருவாரூர்: ஐப்பசியில் விதைத்தேன், நன்றாக முளைத்தது, பிறகு எல்லாம் சாய்ந்து அழுகிவிட்டது. சூடு கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா?

பிழைத்திருக்காது, இன்னும் சீக்கிரம் போயிருக்கும். இது பூஞ்சையால் வரும் நாற்றழுகல். ஈரம், சூடு, அடைபட்ட காற்று மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வயல் களிமண்ணைக் கலக்கவே கூடாது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிச் சலித்த ஆற்று மணலோடு கொஞ்சம் தென்னை நார்க் கழிவு சேர்த்து, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு விதையுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அடியிலிருந்து ஏறவிடுங்கள். கள்ளி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் பொடி விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவினால் போதும். முளைத்ததும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்று விடுங்கள்.

மன்னார்குடி: லித்தாப்ஸ் விதை சித்திரையில் போட்டேன், ஒன்றுகூட வரவில்லை.

சூடு அதிகம். தென் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்த, கூழாங்கல் போலத் தெரியும் இந்தச் சதைப்பற்றுச் செடியின் விதைக்குக் குளிர்ந்த இரவு பிடிக்கும். மார்கழிக்குக் காத்திருங்கள், மேட் பக்கமே போகாதீர்கள். விதை நல்லதாக இருந்தால் அதே விதை அப்போது முளைக்க வாய்ப்பு உண்டு, தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

வேதாரண்யம்: மேட்டுக்குப் பதில் குண்டு பல்பு வைக்கலாமா? கடற்கரை மணல் ஆகுமா?

பல்பு ஒரு பக்கம் மட்டும் சுடும், மேல்மண்ணைக் காயவைக்கும், வேண்டாம். கடல் மணலில் உப்பு இருக்கிறது, அதுவும் வேண்டாம். உங்கள் பக்கம் போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாற்றுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

தஞ்சாவூர்: அடீனியத்துக்கும் சூடு தேவையில்லையா?

பாலைவன ரோஜா என்று சொல்லும் அடீனியம் சூடு விரும்பி. 27 முதல் 30 டிகிரி இருந்தால், புது விதை ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும். பங்குனியில் நிழலில் விதைத்தால் மேட் வேண்டியதே இல்லை. கார்த்திகை அடைமழையில் விதைத்தே ஆகவேண்டும் என்றால் மட்டும், தெர்மோஸ்டாட் உள்ள மேட்டை வாங்கி 28-இல் வையுங்கள், சென்சார் முனை காற்றில் தொங்காமல் மண்ணுக்குள் இருக்கட்டும். பாதி விதை முளைத்ததும் மேட்டை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் காரணம் குளிர் இல்லை, ஈரம்தான். விதை பழையதாக இருந்தால் எந்தச் சூடும் உதவாது, வாங்கும்போதே எப்போது பறித்த விதை என்று கேளுங்கள்.