மஞ்சூரியன், ஷெஸ்வான் ஃப்ரைடு ரைஸ் தாண்டி, அசல் சீன உணவை வீட்டில் எதிலிருந்து தொடங்கலாம்?

சோற்றுக்கு ஒன்று, தெருக்கடை ரகத்தில் ஒன்று, இனிப்பில் ஒன்று சொல்லுங்கள், நம் ஊர் அடுப்பில் நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு: சோயாப்பாலை உறையவைத்துச் செய்யும் தோஃபுவின் காரக் குழம்பான, சிச்சுவான் தலைநகர் செங்டுவின் மாப்போ தோஃபு; முட்டை பரப்பிய பயறு தோசை போன்ற தியான்ஜின் ஜியான்பிங்; இஞ்சிச்சாற்றால் பாலை உறையவைக்கும் குவாங்சோ பக்கத்து இஞ்சிப்பால். மூன்றும் சாஸ் பாட்டிலை நம்பாதவை. ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் குணம் பிடிபட்டால் போதும், மீதி தானாக வரும்.

மஞ்சூரியனுக்கும் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சீன வம்சாவளிச் சமையல்காரர் கோழியில் செய்தது, பிறகு காலிஃபிளவருக்கு இறங்கியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. ஷெஸ்வான் என்பது சிச்சுவான் மாகாணத்தின் பெயர்தான். ஆனால் நம் கடைகளில் விற்கும் ஷெஸ்வான் சாஸ் பெரும்பாலும் காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகரோடு முடிந்துவிடுகிறது. சிச்சுவான் சமையலுக்கு உயிரான இரண்டு பொருள்கள் அதில் இருப்பதில்லை.

முதலாவது தோபான்ஜியாங். வட இந்தியாவில் பாக்லா என்று சொல்லும் அகன்ற அவரையின் பருப்பை, உப்பும் சிவப்பு மிளகாயும் சேர்த்து மாதக்கணக்கில், நல்ல ரகம் என்றால் வருடக்கணக்கில் நொதிக்க வைத்த விழுது. செங்டுவை ஒட்டிய பீஷியான் பகுதிச் சரக்குக்குத்தான் மதிப்பு. அங்கே பெரிய சாடிகளில் போட்டு, பகலில் திறந்து வெயில் காட்டி, கிளறிவிட்டு, மழை வந்தால் மூடுவார்கள். ஊறுகாய்ச் சாடிக்கு மொட்டைமாடியில் நாம் செய்யும் அதே பணிவிடை.

இரண்டாவது சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, செடி வேறு: எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் இவற்றின் குடும்பம். கொங்கண் பக்கம் மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதற்கு நெருங்கிய சொந்தம். இதிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் நாக்கின் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. அந்தக் குறுகுறுப்பு நொடிக்குச் சுமார் 50 முறை அதிர்வதற்குச் சமம் என்று லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் அளந்து சொன்னார்கள். வாங்கும்போது தோல் மலர்ந்து, உள்ளே கறுப்பு விதை இல்லாததாகப் பாருங்கள். விதை சுவையற்றது, பல்லில் மணல் போல அரைபடும். வெறும் வாணலியில் சிம்மில் வைத்து வாசனை எழும்வரை ஒன்றிரண்டு நிமிடம் வறுத்து, பொடித்து, சலித்துக்கொள்ளுங்கள். பொடித்து வைத்தால் மரமரப்பு சீக்கிரம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொடிப்பதே நல்லது.

மாப்போ தோஃபுவின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது 1862இல் செங்டுவின் வான்ஃபு பாலத்தருகே தொடங்கிய ஒரு சாதாரணச் சோற்றுக்கடை. சமைத்த அம்மாளின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததால் ‘தழும்புப் பாட்டி தோஃபு’ என்று பெயர் நின்றுவிட்டது. தழும்பைக் குறிக்கும் ‘மா’ என்ற எழுத்தேதான் சீனத்தில் மரமரப்பையும் குறிக்கும்.

மூன்று பேருக்கு: மிருதுவான தோஃபு 400 கிராம், கொத்திய மாட்டிறைச்சி 80 கிராம், தோபான்ஜியாங் இரண்டரை மேசைக்கரண்டி, கறுப்பு சோயாவை உப்பில் நொதிக்கவைத்த தௌச்சி ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு பொடியாக நறுக்கியது தலா ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் 60 மி.லி., தண்ணீர் அல்லது எலும்புச் சாறு 200 மி.லி., சோள மாவு ஒரு மேசைக்கரண்டி. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ஆட்டுக்கொத்துக்கறி போடலாம். சைவத்துக்குப் பொடியாக நறுக்கிய காளான் பொருந்தும். பனீர் மட்டும் வேண்டாம். தோஃபு இங்கே கட்டித்தயிர் போல நாக்கில் வழுக்க வேண்டும், பனீர் கடிபடும்.

தோஃபுவை இரண்டு செ.மீ. கட்டிகளாக வெட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, தளதளவெனக் கொதிக்கவிடாமல் மூன்று நிமிடம் வைத்திருங்கள். பச்சைச் சோயா வாடை போகும், கட்டி இறுகி உடையாமல் நிற்கும். பலர் சோம்பலில் விட்டுவிடும் படி இது. அப்புறம் வாணலியில் ‘கூட்டு’ ஆகிவிட்டது என்று புலம்புவார்கள்.

வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, இறைச்சியை ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும்வரை வதக்குங்கள். தீயைச் சிம்முக்கு இறக்கிய பிறகே தோபான்ஜியாங் விழ வேண்டும். இரண்டு நிமிடத்தில் எண்ணெய் செக்கச்செவேலென்று பிரிந்து வரும். அந்த நிறம் வராமல் அடுத்த பொருளைப் போடாதீர்கள், மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் இறங்கும். தீ அதிகமானால் விழுது கருகி, கடைசிவரை ஒரு கசப்பு துரத்தும். பிறகு தௌச்சி, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் அரை நிமிடம் வதங்கட்டும். சாறு ஊற்றி, தோஃபுவை இறக்கி ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளுங்கள், கிளறாதீர்கள்.

உப்பு போடவே வேண்டாம். விழுதிலும் தௌச்சியிலும் இருக்கும் உப்பே தாராளம், அஜினமோட்டோவுக்கும் வேலையில்லை: அதில் சுவை கூட்டும் குளூட்டமேட், நொதித்த பருப்பில் இயற்கையாகவே நிறைய இருக்கிறது.

சோள மாவை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து மூன்று தவணையாக ஊற்றுங்கள், இடையில் அரை நிமிடம் கொதிக்கட்டும். ஒரேயடியாக ஊற்றினால் விழுந்த இடத்தில் கட்டிதட்டும், மற்ற இடத்தில் குழம்பு நீர்த்தே கிடக்கும். தோஃபு தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பதால் முதல் தவணையில் கெட்டியான குழம்பு மறுபடி இளகும், அடுத்த இரண்டும் அதற்காகத்தான். கட்டிகளின் மேல் குழம்பு போர்வை போல ஒட்டி, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசிந்தால் பதம். அங்கே பூண்டுத் தாளைப் போடுவார்கள், இங்கே வெங்காயத்தாள் போதும். சிச்சுவான் மிளகுப்பொடி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, அரை முதல் ஒரு தேக்கரண்டி. சூடான வெள்ளைச் சோறு கட்டாயம் வேண்டும். ஃப்ரைடு ரைஸோடு சாப்பிட்டால் எண்ணெயின் மேல் எண்ணெய்.

ஜியான்பிங்குக்கு வருவோம். காலையில் தெருமுனையில் தள்ளுவண்டியில் வாங்கிக் கையில் பிடித்தபடி தின்று நடக்கும் உணவு. தியான்ஜின்காரர்கள் இதில் கறார்: மாவு பாசிப்பயறாக இருக்க வேண்டும், உள்ளே யூதியாவ் என்ற பொரித்த மைதாக் குச்சியோ, மெல்லிய மொறுமொறுத் தகடோ தவிர வேறெதுவும் கூடாது. சாஸேஜும் லெட்டூஸும் நுழைந்த எரிச்சலில் 2018இல் ஊர்ச் சங்கம் ஒன்று தரநிலையே வெளியிட்டது.

பெசரட்டு சுடத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. பாசிப்பயறு மாவு 60 கிராம், மைதா 40 கிராம், சிட்டிகை உப்பு, தண்ணீர் சுமார் 180 மி.லி. கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். புளிக்கக் கூடாது. பயறு மாவில் மட்டும் சுட்டால் மடிக்கும்போது கிழியும், பழகும்வரை மைதா கைகொடுக்கும். கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். அதிகச் சூடானால் ஊற்றிய இடத்திலேயே மாவு பிடித்துக்கொள்ளும்.

தோசையிலிருந்து பிரியும் இடம் தேய்ப்பதில்தான் இருக்கிறது. கரண்டியின் அடியால் சுழற்றும்போது தோசையில் வட்டவட்டமாக வரி விழும், அது தோசைக்கு அழகு. ஜியான்பிங்கில் அந்தப் பள்ளங்களில் முட்டை தேங்கி, மேடுகள் காய்ந்துவிடும். அதனால் ஒரு சின்ன மரச்சட்டத்தைக் குச்சியின் முனையில் குறுக்கே பொருத்திய கருவியால் ஒரே சுற்றில் சமமாக இழுப்பார்கள். கேக் சமப்படுத்தும் நேரான தட்டைக்கரண்டி இருந்தால் அதுவே போதும். மேற்பரப்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே முட்டையை உடைத்துப் பரப்புங்கள். முழுக்கக் காய்ந்தபின் ஊற்றினால் முட்டை ஒட்டாமல் தனி ஆம்லெட்டாக உரிந்து வரும். வெங்காயத்தாள், கறுப்பு எள் தூவி, முட்டை பிடித்ததும் திருப்பி, தீயைக் குறைத்து, மேலே வந்த பக்கத்தில் இனிப்பும் உப்புமான தியான்மியான் ஜியாங் என்ற நொதித்த மாவு விழுது ஒரு தேக்கரண்டி தடவுங்கள். கிடைக்காவிட்டால் ஹோய்சின் சாஸ் ஓரளவு ஈடு. கொஞ்சம் மிளகாய் விழுதும் சேரட்டும். மொறுமொறுப்புக்குப் பொரித்த அப்பளம் அற்புதமாகப் பொருந்துகிறது. தியான்ஜின்காரர் யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பளத்தில் உப்பு இருப்பதால் விழுதை ஒரு சுற்றுக் குறையுங்கள். மடித்த ஐந்து நிமிடத்துக்குள் தின்றால்தான் மொறுமொறுப்பு.

இனிப்பில் குவாங்சோவின் பன்யூ பகுதியில் ஷாவான் என்ற ஊரின் இஞ்சிப்பால். சீனப் பெயரின் பொருள் ‘இஞ்சிச்சாறு பாலில் மோதுவது’. மூன்றே பொருள், வேகவைப்பது கிடையாது. பார்க்கச் சீம்பால் போல இருக்கும், ஆனால் அதைவிட மெல்லியது. இஞ்சியிலுள்ள ஒரு நொதி, சீஸ் செய்யப் பயன்படும் ரென்னெட் போலவே பால் புரதத்தை உறையச் செய்கிறது.

அங்கே எருமைப்பால்தான் வழக்கம். கிடைத்தால் விடாதீர்கள், இல்லையென்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாக்கெட் பால். டோன்டு பாலில் உறைவு தளர்வாக வரும். மாதக்கணக்கில் வெளியே வைக்கக்கூடிய டெட்ரா பேக் பாலில், கடும் சூட்டினால் புரதங்கள் மாறிப்போயிருப்பதால் சரியாக உறையாது. 200 மி.லி. பாலில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டு, ஓரத்தில் குமிழி வரும்வரை, அதாவது சுமார் 80 டிகிரிவரை, சூடாக்குங்கள். முற்றிய இஞ்சியைத் துருவி, துணியில் பிழிந்து ஒரு மேசைக்கரண்டி சாற்றைக் கிண்ணத்தில் விடுங்கள். இளம் இஞ்சியில் உறைய வைக்கும் வலு குறைவு. நொதி சீக்கிரம் வலுவிழப்பதால், பால் அடுப்பில் இருக்கும்போதுதான் பிழிய வேண்டும். பாட்டில் இஞ்சி விழுது உதவாது.

பாலைக் காபி போல இரண்டு முறை ஆற்றினால் 70 டிகிரிப் பக்கம் வரும், தெர்மாமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். கிண்ணத்தில் இஞ்சிச்சாற்றின் அடியில் படிந்த வெள்ளை மாவோடு சாற்றை ஒரு கலக்குக் கலக்கி, பாலை ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மோதும் வேகமே கலக்கிவிடும். அதன்பின் கரண்டி போடுவது, கிண்ணத்தை நகர்த்துவது, ஆட்டிப் பார்ப்பது எதுவும் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஒரு சின்னக் கரண்டியை மேலே படுக்க வையுங்கள், மூழ்காமல் நின்றால் வெற்றி. நீராகவே கிடந்தால் பால் அதிகச் சூடாக இருந்து நொதி செத்திருக்கும், அல்லது ஆறிப்போயிருக்கும், அல்லது சாறு பழையது. மறுபடி சூடாக்கிப் பயனில்லை, இஞ்சிப்பாலாகக் குடித்துவிடலாம். உறைந்ததை அப்போதே சாப்பிட வேண்டும். நொதி நிற்காமல் புரதத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால், நேரம் போகப்போகத் தண்ணீர் பிரிந்து கசப்பு ஏறும்.

உள்ளே சூப் ததும்பும் கொழுக்கட்டையான ஷியாவ்லோங்பாவ்வை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பன்றித்தோலைக் காய்ச்சி உறையவைத்த சாற்றைப் பூரணத்தில் கலந்து, மெல்லிய மாவில் பதினெட்டு மடிப்பு வைக்க விரல் பழக வேண்டும். அடுத்த படியாக எள்ளுப் பூரணம் வைத்த அரிசிமாவு உருண்டையான தாங்யுவான் எளிது, கொழுக்கட்டை பிடித்த கைக்கு விளையாட்டு. ஆனால் பச்சரிசி மாவில் வராது, பசையரிசி மாவு வேண்டும். 120 கிராம் மாவுக்குச் சுமார் 100 மி.லி. தண்ணீர். உருட்டும்போது வெடித்தால், மாவில் எலுமிச்சை அளவு கிள்ளி, கொதிநீரில் மிதக்கும்வரை வேகவைத்து, அதையே மீதி மாவோடு சேர்த்துப் பிசையுங்கள்.