கசானின் நூலகர்

அன்புள்ள ஐயா,
ரஷ்யக் கணிதவியலர் லோபசெவ்ஸ்கியின் வாழ்க்கையைப் படித்தேன். இணைகோடுகள் சந்திக்கும் என்று சொன்ன மேதையை உலகம் கேலி செய்தது. அங்கீகாரமே இல்லாமல் செத்துப்போனார். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இரவில் கணிதம் படிக்கிறேன். பகல் முழுக்கக் கோப்புகளில் வீணாகிறது. வேலையை விட்டுவிடலாமா? எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
பி.

அன்புள்ள பி.,
இரண்டு மாதமாக ரஷ்யாவின் கசான் நகரத்தில் வாழ்ந்த அந்த லோபசெவ்ஸ்கியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

அவருடைய இணைகோடுகள் சந்திப்பதில்லை. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அதை வெட்டாத கோடு ஒன்றுதான் போகும் என்பது நாம் பள்ளியில் படிக்கும் யூக்ளிடின் வடிவியல். பல போகும் என்றார் இவர். அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகவே வரும். இதைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை, அவருடைய துக்கத்தில் மட்டும் பங்கு கேட்கிறீர்கள்! அங்கீகாரமே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஜெர்மன் கணித மேதை காஸின் முயற்சியால் 1842இல் அங்குள்ள கோட்டிங்கன் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. சரி, அதை விடுங்கள்.

என்னைக் குத்தியது 'வீணாகிறது' என்ற சொல். 1829இல் கசான் பல்கலைக்கழகத்தின் இதழில் அந்தப் புது வடிவியலை அச்சுக்குக் கொடுத்தபோது அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர். கூடவே நூலகர். பத்து வருடம் நூலகப் பொறுப்பு, 19 வருடம் தலைவர் பதவி, நடுவில் கட்டடக் கமிட்டி வேறு. 1830இல் காலரா வந்தபோது ஆசிரியர், மாணவர் குடும்பங்களை உள்ளே அழைத்துக்கொண்டு வாசலை அடைத்தார். 1842இல் ஊரே பற்றி எரிந்தபோது நூல்களையும் கருவிகளையும் காப்பாற்றினார். எத்தனை கோப்பு பார்த்திருப்பார், யோசியுங்கள். கடைசியில் 1846இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். அப்புறம் கண் போனது. 1855இல் கடைசிப் புத்தகத்தை வாயால் சொல்லித்தான் எழுதவைத்தார். பகல் வீணாகிறது என்று ராத்திரியில் புலம்பிக்கொண்டிருந்தால் இதில் ஒரு வரி வந்திருக்குமா?

கோபமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நானும் உங்களைப்போல ஒரு அலுவலகத்தில் தபால் பதிவேட்டுக்கு எண் போட்டவன்தான். மதிய இடைவேளையில் கதை எழுதுவேன். ஒருநாள் கதைத்தாள் ஒன்று ஓய்வூதியக் கோப்புக்குள் சிக்கி அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது. மெமோ வரும் என்று வயிறு கலங்கிக் காத்திருந்தேன். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. ஓய்வூதியத்துக்கு ஒப்புதல் ஆகியிருந்தது. என் தாளில் பச்சை மையில் மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் எழுதியிருந்தார்: 'அடுத்த பக்கம் எங்கே?'