பூரிக்காகச் சேர்ந்தவன்

வணக்கம் ஐயா,

மகன் இங்கே ஓஹையோவிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரிக்கு என் பணம் வேண்டாம் என்கிறான். மாநிலத்தின் நேஷனல் கார்டு படையில் பகுதி நேரச் சிப்பாயாகவும், கல்லூரியில் ஆர்ஓடிசி அதிகாரிப் பயிற்சியிலும் ஒரே சமயத்தில் சேரப்போகிறானாம். நாட்டுப்பற்றெல்லாம் இல்லை, கட்டணத்துக்காகத்தான் என்று அவனே சொல்கிறான். காசுக்காக உயிரை அடகு வைப்பதல்லவா இது? தடுக்கலாமா?

ச., கொலம்பஸ்

அன்புள்ள ச.,

18 வயது ஆனவனை எப்படித் தடுப்பீர்கள்? கையெழுத்து அவனுடையது. அதை விடுங்கள்.

‘காசுக்காக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது. நீங்கள் எதற்காக ஐயா அமெரிக்கா போனீர்கள்? நயாகராவைப் பார்க்கவா?

நான் என்சிசியில் சேர்ந்தது பூரிக்காக. ஞாயிறு காலை அணிவகுப்பு முடிந்ததும் கேண்டீனில் பூரி கிழங்குக்கு டோக்கன் தருவார்கள். தேசத்துக்காக வந்தோம் என்றவர்கள் முதல் மழையோடு நின்றுவிட்டார்கள். பூரிக்காரர்கள் 11 பேர் மூன்று வருடமும் நின்றோம். எங்களில் ஒருவன், உடுத்த வேறு நல்ல சட்டை இல்லாததால் காக்கியை மாட்டியவன், ‘சி’ சான்றிதழ் வாங்கிப் பரங்கிமலை அதிகாரிப் பயிற்சி நிலையம் வரை போனான். நான் போகவில்லை. “துப்பாக்கி தூக்கித்தான் சாப்பிட வேண்டும் என்று நம் வீட்டில் என்ன குறைந்துவிட்டது?” என்றார் அப்பா. குறைந்துதான் இருந்தது. அந்த வருடத் தேர்வுக் கட்டணத்துக்கு அம்மாவின் குத்துவிளக்கு போயிற்று. உங்கள் கடிதத்தில் அப்பாவின் குரல் கேட்டது; கொஞ்சம் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன் ஒருவர், 1954-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் சேர்ந்து, சீருடை பிடித்துப்போய் ஆர்ஓடிசிக்குள் நுழைந்தார். பின்னாளில் அமெரிக்க முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் தலைவராகவும் வெளியுறவு அமைச்சராகவும் ஆன கொலின் பவல். சேர்ந்த காரணத்தை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது ‘காசு’ என்ற சொல்லுக்கு அல்ல, ‘பகுதி நேரம்’ என்பதற்கு. அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்! மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் என்பது உண்மைதான். பயிற்சியில் இருக்கும்வரை படைப்பிரிவோடு அவனைப் போர்முனைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பதும் உண்மை. பட்டம் வாங்கி லெப்டினன்ட் ஆன பிறகுதானே கணக்கு தொடங்குகிறது? கடப்பாடு மொத்தம் எட்டு ஆண்டு. நடுவில் விலகினால் பெற்ற உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடலாம். இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்களில் இந்த வார இறுதிச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர். வேலை, மனைவி, கைக்குழந்தை எல்லாம் இருக்கும்போது ஓலை வரும். அப்போது அது முழு நேரம்.

இன்னொன்று. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வியட்நாம் போருக்கு எதிரான கிளர்ச்சியில் 1970 மே 2 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எரிந்தது ஆர்ஓடிசி கட்டடம். மே 4 அன்று மாணவர்களைச் சுட்டது ஓஹையோ நேஷனல் கார்டு. நான்கு பேர் செத்தார்கள். உங்கள் பையன் ஒரே சமயத்தில் சேரப்போவது இந்த இரண்டிலும்தான். அவனுக்கு இது தெரியுமா?

ஒரு சனிக்கிழமை அவனை அங்கே அழைத்துப்போங்கள். ஒப்பந்தத் தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். அவன் வரி விடாமல் உரக்கப் படிக்கட்டும்.