பிரிஸ்பேன் வாடகை வீட்டில் பச்சையாகிப்போன நீச்சல் குளம்: மேலூர்த் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டும். பிரிஸ்பேனில் நீச்சல் குளத்தோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறீர்கள். பொங்கலுக்கு மேலூர் வந்தபோது கரண்ட் பில் மிச்சமாகுமே என்று குளத்து மோட்டாரை அணைத்துவிட்டு வந்தீர்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் குளம் ஊர்க் கண்மாய் மாதிரிப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் வரப்போகிறார். கடைக்காரர் ஐந்தாறு பாட்டில்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவோ போனில், "மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவு" என்கிறார். பங்குனியில் அப்பாவும் அம்மாவும் அங்கே வரவும் போகிறார்கள்.

நானும் பொங்கலுக்கு வந்தவள்தான். தைப்பூசத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அண்ணா நகரில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் குளம் தேறிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் கடைக்காரர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அப்பா சொல்வது கிணற்றுக்குச் சரி. மேலூர்ப் பக்கத்துக் கிணற்றில் இறைக்க இறைக்க ஊற்று உள்ளே சுரக்கும். தூர் வாரினால் இன்னும் நன்றாகச் சுரக்கும். நீச்சல் குளத்தில் அந்த ஊற்றுக்கு வழியில்லை. வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர் குளத்தின் தொட்டியைக் கீழிருந்து நெம்பிக்கொண்டே இருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீரின் கனம்தான் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. பிரிஸ்பேனில் இப்போது கோடை, அதுவே அங்கு மழைக்காலமும். ஈரம் ஊறிய தரையில் தொட்டியைக் காலி செய்தால், ஃபைபர் தொட்டி அப்படியே மேலே எழும்பி விரிசல் விடும். கான்கிரீட் தொட்டிக்கும் இந்த ஆபத்து உண்டு. வாடகைக்கு இருப்பவர் செய்துவைத்த சேதம் என்று அது உங்கள் தலையில்தான் விடியும்.

ஏஜென்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து, குளத்துக்கான மருந்துச் செலவு யாருடையது, பராமரிப்பு ஆள் யார் செலவில் வருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் சுத்தம் வாடகைதாரர் பொறுப்பாகவும், பம்ப், ஃபில்டர் பழுது வீட்டுக்காரர் பொறுப்பாகவும் எழுதியிருப்பார்கள். எழுதவே இல்லை என்றால் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். குளம் பச்சையானதை மறைக்க வேண்டாம். "இன்ன தேதியில் பார்த்தேன், இப்படிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்" என்று படத்தோடு ஒரு வரி அனுப்பினால் போதும். தெளிந்துகொண்டிருக்கும் குளத்தைப் பார்த்து யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இனி தண்ணீர். பச்சைக்குக் காரணம் பாசி. பாசி வந்ததற்குக் காரணம் தண்ணீரில் குளோரின் தீர்ந்துபோனது. வெயில் குளோரினைத் தின்றுவிடும். உங்கள் வீட்டில் இருப்பது உப்புக் குளம் என்று எழுதியிருந்தீர்கள். உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உப்புத் தண்ணீர் ஓடும்போது குளோரினேட்டர் என்ற கருவி மின்சாரத்தால் உப்பிலிருந்து குளோரினைப் பிரித்துக் கொடுக்கிறது. மோட்டார் நின்றால் தண்ணீர் ஓடாது, தண்ணீர் ஓடாவிட்டால் குளோரின் பிறக்காது. நடந்தது இவ்வளவுதான். இப்போது அந்தக் கருவியை முழு வேகத்தில் ஓட விட்டாலும் முற்றிய பாசியை அதனால் சமாளிக்க முடியாது. குளோரினைக் கையால்தான் ஊற்ற வேண்டும்.

ஊற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். எனக்கு இதில் பிடிவாதம் அதிகம். அளக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். கணக்குக்கு வசதியாக 50,000 என்றே வைத்துக்கொள்வோம். கடையில் தண்ணீரை இலவசமாகச் சோதித்துக் கொடுப்பார்கள். அந்த எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு, கூடவே நீட்டும் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்பேட் நீக்கி, தாமிரப் பாசிக்கொல்லி எல்லாம் இப்போது உங்களுக்குத் தேவையே இல்லை. தாமிரம் அதிகமானால் சுவரில் கறை படியும், வெளிர் முடிக்காரர்களுக்குத் தலைமுடியே பச்சையாகிவிடும்.

உங்களுக்கு வேண்டிய எண்கள் மூன்று: குளோரின், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), ஸ்டெபிலைசர். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. மற்ற கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். ஸ்டெபிலைசர் என்பது சயனூரிக் அமிலம். குளோரின் வெயிலில் அழியாமல் காக்கும் குடை அது. அது அறவே இல்லாவிட்டால் காலையில் ஊற்றிய குளோரின் மதியத்துக்குள் பெரும்பாலும் காலி. அளவுக்கு மீறி இருந்தாலோ, தண்ணீரில் குளோரின் இருந்தும் பாசியைக் கொல்ல வலுவில்லாமல் போகும். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதைத்தான் பிபிஎம் என்கிறார்கள். உப்புக் குளத்துக்குச் சில கருவிகள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், கையேட்டைப் பாருங்கள். சோதனை எளிது. அடியில் கறுப்புப் புள்ளி போட்ட குழாயில், மருந்து கலந்து பால்போல் கலங்கிய தண்ணீரை மேலிருந்து பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு.

உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் குளோரின் மாத்திரை போட்டே காலம் தள்ளியிருந்தால் இந்த எண் நூறைத் தாண்டியும் இருக்கலாம். அந்த மாத்திரையோடு ஸ்டெபிலைசரும் சேர்ந்தே கரைகிறது. குளோரின் தீர்ந்துவிடும், அது தீராது. அதைக் குறைக்க, கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. அதையும் ஒரே நாளில் செய்யாமல் தவணை தவணையாகச் செய்யுங்கள். வெளியேற்றும் நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள், தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது.

அடுத்து பிஎச். பாசி பிடித்த தண்ணீரில் அது பெரும்பாலும் ஏறியிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 7.2 பக்கம் இறக்குங்கள். பாட்டிலில் சொன்ன அளவில் பாதியை விட்டு, பம்பைச் சில மணி நேரம் ஓட்டி, மறுபடி அளந்து மீதியை விடுங்கள். குளோரின் ஊற்றும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டியபின் பிஎச் சோதனைத் துளிகள் பொய் சொல்லும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் ஊதா காட்டும்.

இப்போது குளோரின். ஸ்டெபிலைசர் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு குளோரின் நிற்க வேண்டும். ஸ்டெபிலைசர் 30 என்றால் குளோரின் 12, 50 என்றால் 20. அங்கே கேனில் கிடைக்கும் திரவக் குளோரின் 12.5 சதவீதம். ஒரு லிட்டரில் 125 கிராம், 50,000 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 2.5 பிபிஎம் ஏறும். ஆக 12 பிபிஎம்முக்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, 20 பிபிஎம்முக்கு எட்டு லிட்டர். ஸ்டெபிலைசர் நூறு இருந்தால் பதினாறு லிட்டர் வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு. அப்போது தண்ணீர் மாற்றுவதுதான் மலிவு. வெயிலில் வைத்த கேன் நாளாக நாளாக வீரியம் இழக்கும். மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

சாயங்காலம், வெயில் இறங்கியபின், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் உள்ளே பாயும் வாயருகே மெதுவாக ஊற்றுங்கள். அதற்கு முன்பு வலையால் இலைதழைகளை அள்ளிவிடுங்கள். தேரை கூடக் கிடக்கும். ஊற்றியபின் பிரஷ்ஷை எடுத்துச் சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்புறம், விளக்கின் விளிம்பு என்று எல்லா இடத்தையும் தேயுங்கள். பாசி மேலே வழுவழுப்பாக ஒரு படலம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைக் கிழித்துவிட்டால்தான் குளோரின் உள்ளே போகும். தேய்க்கும்போது சுவரிலிருந்து பச்சைப் புகை மாதிரிக் கிளம்பும். அந்தப் பக்கம் நன்றாக வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அளந்தால் குளோரின் பாதியாகியிருக்கும், சில சமயம் மொத்தமும் போயிருக்கும். மருந்து வீணாகிவிட்டதென்று நினைக்காதீர்கள், பாசியோடு மோதித்தான் செலவாகியிருக்கிறது. குறைந்ததை மறுபடி ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அளந்து, அந்த அளவிலேயே நிறுத்த வேண்டும். ஒருநாள் ஊற்றிவிட்டு மூன்று நாள் விட்டுவிட்டால் பாசி மறுபடி தலைதூக்கும். கைக்காசு கரைவது அப்படித்தான். இன்னொன்று: குப்பித் தண்ணீரில் சோதனை மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு பார்க்கும் சோதனையில், குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் வந்த வேகத்தில் வெளுத்துவிடும். குப்பி தெளிவாக இருப்பதைப் பார்த்துக் குளோரினே இல்லை என்று இன்னும் ஊற்றிவிடாதீர்கள். குளத்து நீரோடு நல்ல தண்ணீரைச் சமமாகக் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

பச்சை முதலில் வெளிறும், பிறகு சாம்பல் கலந்த பால் நிறமாகும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து கடைக்கு ஓடுகிறார்கள். பாசி செத்துவிட்டது, பிணம்தான் மிதக்கிறது. அதை அள்ள வேண்டியது ஃபில்டர். பம்பை இரவு பகலாக ஓட்டுங்கள். மணல் ஃபில்டரென்றால், சுத்தமாக இருந்தபோது காட்டிய அழுத்தத்தைவிட நான்கில் ஒரு பங்கு ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலில் சிக்கிய அழுக்கை வெளியேற்றுங்கள். துணி மாதிரி மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ் என்றால் கழற்றிக் குழாயடியில் அலசுங்கள். நம் ஊரில் கலங்கல் தண்ணீருக்குப் படிகாரம் போடுவது நினைவுக்கு வரும். அங்கேயும் அலுமினியம் சல்பேட் விற்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் அதைப் போட்டால் பம்பை நிறுத்தி, இரவு முழுக்கப் படியவிட்டு, அடிக்கசடை ஃபில்டர் வழியாக விடாமல் நேரே வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத கார்ட்ரிட்ஜ் குளத்தில் போட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். முதல் முறை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

தண்ணீர் தெளிந்து, இரவில் அளந்ததற்கும் விடிவதற்குள் அளந்ததற்கும் இடையே 1 பிபிஎம்முக்கு மேல் குறையாவிட்டால் பாசி ஒழிந்துவிட்டது. குளோரினைத் தானாக இறங்க விட்டு, குளோரினேட்டரைப் பழையபடி ஓட்டுங்கள். அதன்பின் காரத்தன்மையை 80 முதல் 120 பிபிஎம் வரை கொண்டுவாருங்கள். பிஎச் தாறுமாறாகக் குதிக்காமல் பிடித்து வைப்பது அதுதான். குறைந்திருந்தால் சமையல் சோடா போதும். 50,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 850 கிராம். உப்புக் குளத்தில் பிஎச் தானாகவே மெல்ல ஏறிக்கொண்டிருக்கும், எனவே வாரம் ஒருமுறை அளந்து 7.6 தாண்டாமல் அமிலம் விட்டு வாருங்கள்.

மருந்துகளைக் கையாள்வதில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அமிலமும் குளோரினும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஒரே குவளையில் அளக்காதீர்கள், ஒரே தட்டில் வைக்காதீர்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அங்கே வாளியில் விற்கும் குருணைக் குளோரின், பஞ்சாயத்து ஆள் மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் இனம்தான், ஆனால் வீரியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை மாத்திரைக் குளோரினோடு கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அப்பா அம்மா வருவதைப் பற்றி. அடி தெரியாத தண்ணீரில் யாரையும் இறக்காதீர்கள். முழுகினால் கண்ணுக்கே தெரியாது. குயின்ஸ்லாந்தில் குளத்தைச் சுற்றி குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். விருந்து நாளில் கை நிறையப் பாத்திரத்தோடு போய்வர வசதியாக அந்தக் கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது கூடவே கூடாது. வேலியை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி எதையும் வைக்காதீர்கள், பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சுரைக்குடுவை கட்டி நீச்சல் பழகி, கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்தவர் அவர். வீட்டுக் குளத்தின் ஆழமில்லாத பக்கம் இடுப்பளவுதான் இருக்கும். அங்கே அப்படிப் பாய்ந்தால் கழுத்து முறியும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது மோட்டாரை அணைக்காதீர்கள். டைமரில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட வைத்துவிட்டு, மேலே மிதக்கும் இலைதழைகள் சேரும் ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்யவும் மழைக்குப் பின் ஒருமுறை அளந்து பார்க்கவும் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் யாரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள். இப்போதைக்கு எதையும் வாங்காமல் அந்த மூன்று எண்களையும் குளத்தின் நீள அகல ஆழத்தையும் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கும் மதுரைக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் மதியம் அனுப்பினால் காலைக் காபிக்குள் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.