ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டு ஏமாறாதீர்கள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். உறுப்பினர்களின் சம்பா 1,200 ஏக்கர். எவ்வளவு நெல் வரும் என்று தெரிந்தால்தான் கிடங்கு பிடிக்க முடியும். செயற்கைக்கோள் படம் பார்த்துக் கணித்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். படத்தில் பயிர்ப் பரப்பு தெரியும். மணி பிடித்ததா, பதரா என்பது அறுத்தால்தான் தெரியும். உங்கள் வயலில் ஒரு கதிர்கூட அறுக்காமல் டன் கணக்குச் சொல்பவரிடம் ஏமாந்த சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நீங்களே செய்யலாம். சர்வே எண்களைச் சீட்டில் எழுதி, குலுக்கி 20 வயல் எடுங்கள். அடங்கலை (எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு) மட்டும் நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள். வயலில் கால் வைக்காமலே போன வருடப் பயிரை எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வயலுக்குள் 5-க்கு 5 மீட்டர் சதுரம் கட்டுங்கள். மூலைக்கு மூலை கயிறு 7.07 மீட்டர் வந்தால் சதுரம் சரி. "இந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்று வயல்காரர் கயிற்றை இழுப்பார், விடாதீர்கள். சாய்ந்த பயிர் வந்தாலும் அதையே அறுங்கள்.

ஒரு ஏக்கரில் இப்படி 162 சதுரம் அடங்கும்; அதனால் நெல்லை எடை போட்டு 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல். மூட்டையில் கணக்கு வேண்டவே வேண்டாம். அரசு கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, வியாபாரியிடம் 60-க்கு மேல். தரகர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

மழையில் அறுத்தால் மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. சதுரத்தில் 15 கிலோ, ஈரப்பதம் 22 சதவீதம் என்று வையுங்கள். அப்படியே பெருக்கினால் ஏக்கருக்கு 2,430 கிலோ. கிடங்கில் வைக்க 14 சதவீதத்துக்குக் காய வேண்டும். தண்ணீர் போக மிச்சம் இப்போது 78 சதவீதம், காய்ந்த பிறகு 86; ஆகவே 15-ஐ 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 13.6 கிலோ. ஏக்கருக்கு 2,204 கிலோதான். 1,200 ஏக்கருக்கு வித்தியாசம் 271 டன், அத்தனையும் தண்ணீர். அரசு கொள்முதலுக்கு ஈரப்பத வரம்போ 17 சதவீதம். மழை பெய்தால் மத்திய அரசிடம் தளர்வு கேட்டு, அவர்கள் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் சாலையில் கொட்டிய நெல் முளைத்துவிடுகிறது. வருடா வருடம் இதே கதை. எப்போதுதான் அறுவடைக்கு முன்பே முடிவெடுப்பார்களோ!

அரிசிக் கணக்கு வேண்டுமென்றால், புழுங்கலுக்கு நெல்லில் 68 சதவீதம் போடுங்கள். ஒரு வருட அறுவடையை வைத்து நிரந்தரக் கிடங்குக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2016-17 வறட்சி நினைவிருக்கும். அந்த ஆளுக்குக் கொடுக்க வைத்த பணத்தில் முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள்.